யானை வருகுது, குதிரையைப் பிடியுங்கோ!
அமெரிக்கச் சிற்றூர்களில் சர்க்கஸ் கம்பனிகள் சனம் சேர்த்த வரலாறு

ஒரு கோடை விடுமுறையில் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் தென்மேற்குப் பக்கமாகப் போனார்கள். எங்கட லண்டன் நகரத்துக்குத் தெற்கே சென் தோமஸ் என்றொரு சிறு பட்டினம் இருக்கிறது. அதன் மேற்கு எல்லையில், வீதியோரத்தில், ஒரு பெரிய யானைச் சிலை நிற்கிறது. பக்கத்தில் கோயிலும் இல்லை, காடும் இல்லை. யானை மட்டும் தனியாக நிற்கிறது.

பேரன் சிலையைச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டான்: "அம்மப்பா, இந்த நாட்டில யானை இல்லைத்தானே. பிறகேன் இங்க யானைக்குச் சிலை?"

"அந்த யானை இங்கதான் ரயிலில அடிபட்டுச் செத்ததடா."

"செத்ததுக்குச் சிலையோ?"

"ஓம். செத்த பிறகும் முதலாளிக்கு உழைச்சுக் குடுத்த யானை அது."

அவன் விடவில்லை. செத்த யானை எப்படி உழைக்கும் என்று கேட்டான். எனக்கு அந்த நேரம் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நூல் நிலையத்தில் புத்தகங்கள் எடுத்து வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கதை எங்கட ஊர்க் காடு வரைக்கும் வந்து நின்றது. அதைத்தான் இந்தப் புத்தாண்டு மலரில் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எங்களில் கொஞ்சம் வயது போனவர்களுக்குச் சர்க்கஸ் வந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணம் முற்றவெளியில் கூடாரம் எழும்பு முன்னமே ஒலிபெருக்கி கட்டிய கார் ஒழுங்கை ஒழுங்கையாக வரும். நோட்டீசை அள்ளி எறிவார்கள். நாங்கள் புழுதிக்குள் விழுந்தெழும்பிப் பொறுக்குவோம். எங்கட சந்தித் தேத்தண்ணிக் கடைச் சுவரில் சிங்கப் படம் ஒட்டினதற்குக் கடைக்காரருக்கு இரண்டு இலவச ரிக்கற். அதற்காக அவர், பசை நக்க வந்த ஆடுகளை ஒரு கிழமையாகக் கம்போடு நின்று துரத்தினார். ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, வரும் வழியில் சொன்னார்: "நோட்டீசில சிங்கம் கர்ச்சிச்சது, உள்ளுக்குக் கொட்டாவி விட்டது."

அந்தக் கடைக்காரர் ஆடு துரத்தினாரே, அதற்குள் ஒரு பெரிய தொழில் இரகசியம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் ஊருக்கு ஒரேயொரு நாள் வந்து, ஆயிரக்கணக்கான சனத்தைக் காசோடு வரிசையில் நிற்க வைப்பதென்றால் லேசான காரியமா? அமெரிக்கச் சர்க்கஸ்காரர் அதற்குக் கண்டுபிடித்த வழி, ஊரைக் கொண்டே ஊருக்குப் பறையடிப்பது. சுவர் உங்களுடையது, வாய் உங்களுடையது, காசும் உங்களுடையது. கூலி மட்டும் ஒரு துண்டுக் காகிதம்.

இரவில் நடந்த யானை

முதலில் இந்த வித்தை அவர்களுக்கும் தெரியாது. ஜோன் பில் ரிக்கற்ஸ் என்னும் குதிரை வீரர் 1793 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் ஆடியதே அமெரிக்காவின் முதலாவது சர்க்கஸ் என்பர். அதற்குப் பிறகு, 1800களின் ஆரம்பத்தில், நியூயோர்க் மாநிலத்தில் சோமர்ஸ் என்ற ஊரைச் சேர்ந்த ஹக்கலாயா பெய்லி என்பவர் ஒரு யானையை வாங்கினார். 'ஓல்ட் பெற்' என்று அதற்குப் பெயர். யானையை ஊர் ஊராக நடத்திப் போய், களஞ்சியங்களுக்குள் கட்டி வைத்து, காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள்.

யானையைப் பகலில் வீதியால் கொண்டு போனால் சனம் சும்மா பார்த்துவிடும், பிறகு யார் காசு தருவார்கள்? ஆகவே இரவில்தான் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடத்தினார்கள். பாவம் அந்த யானை. 1816 ஆம் ஆண்டு மெயின் மாநிலத்தில் யாரோ அதைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சோமர்ஸ் ஊரில் இன்றும் அதற்கு ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

அரை நூற்றாண்டு போக எல்லாம் தலைகீழாக மாறியது. நல்ல பகல் வெளிச்சத்தில், பெரிய வீதியால், பாட்டு வாத்தியத்தோடு யானைகளை நடத்தி, 'வாருங்கோ, சும்மா பாருங்கோ' என்றார்கள். சும்மா பார்த்தவன்தான் காசு கொடுத்தும் பார்ப்பான் என்ற உண்மையை அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பி. ரி. பார்ணம்.

அனுராதபுரத்துக் காட்டிலிருந்து

இந்த இடத்தில்தான் கதை எங்கட பக்கம் வருகிறது. பார்ணம் தன் வாழ்க்கை வரலாற்றில் தானே எழுதிய சங்கதி இது.

1850 ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க்கிலிருந்து 'றெகாற்றா' என்ற கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. பார்ணமும் அவருடைய பங்காளிகள் இருவரும் சேர்ந்து பிடித்த கப்பல். வேலை, பன்னிரண்டு யானைகளுக்குக் குறையாமல் கொண்டு வருவது. திரும்பி வரும்போது யானைகளுக்குத் தீனி வேண்டுமே என்று போகும் வழியில் சென் ஹெலெனாத் தீவில் 500 தொன் உலர்புல்லை இறக்கி வைத்துவிட்டுப் போனார்களாம். அவ்வளவு கணக்கான ஆட்கள்.

கொழும்பிலும் கண்டியிலும் விலைக்குக் கேட்டுப் பார்த்தார்கள். தேவையான தொகை கிடைக்கவில்லை. பிறகு எங்கட நாட்டவர் 160 பேரைக் கூலிக்குப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். அனுராதபுரத்துக்குக் கிட்ட, பழக்கிய யானைகளின் உதவியோடு காட்டு யானைகளைப் பட்டிக்குள் துரத்தினார்கள். பதின்மூன்று யானைகளும், அதைவிட ஒரு தாயும் ஆறு மாதக் குட்டியும் அகப்பட்டன. பிடிக்கப் போன இடத்தில் சுட்டுக் கொன்ற யானைகள் ஏராளம் என்று பார்ணம் பெருமையாகவே எழுதுகிறார். அடுத்த வருடம் நியூயோர்க்கில் வந்து இறங்கினவை பத்து.

இறங்கிய யானைகளை உடனே கூடாரத்துக்குள் பூட்டி வைக்கவில்லை. சோடி சோடியாக ஒரு தேரில் பூட்டி, பிரோட்வே என்ற பெரிய வீதியால் இழுக்க வைத்தார்கள். அந்த நாட்களில் அமெரிக்கா முழுவதும் பேர் பெற்றிருந்த பாடகி ஜெனி லிண்ட் தங்கியிருந்த ஹோட்டல் வாசலால் ஊர்வலம் போனது. அவரையும் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டவர் பார்ணம்தான். ஒரே வீதியில் இரண்டு விளம்பரம். அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த யானைகள் 'பார்ணத்தின் மகா ஆசியக் காரவன்' என்ற பெயரில் நாடு முழுக்கத் திரிந்தன.

அந்தக் காட்சிச் சாலையை விற்றபோது பார்ணம் ஒரு யானையை மட்டும் விற்காமல் வைத்திருந்தார். கனெக்ரிக்கற் மாநிலத்தில் பிறிட்ஜ்போர்ட் என்ற ஊரில் அவருடைய வீட்டுக்கு அருகால் ரயில் பாதை போனது. பாதையோரத்தில் ஆறு ஏக்கர் காணி. யானைப்பாகனுக்குக் கீழைத்தேச உடுப்பு உடுத்தி, கையில் ரயில் நேர அட்டவணையையும் கொடுத்தார். ரயில் வரும் நேரம் யானை கலப்பை இழுக்க வேண்டும். ரயில் போன பிறகு ஓய்வு. ஜன்னலால் பார்த்த சனம் நாடு முழுவதும் கதையைக் கொண்டு போனது. பத்திரிகைகள் எழுதின. யானையால் உழுதால் இலாபமா, எத்தனை எருதுக்குச் சமம் என்று கமக்காரச் சங்கங்கள் எல்லாம் கடிதம் எழுதிக் கேட்டன. அந்த ஆறு ஏக்கரையும் அறுபது தரத்துக்கு மேல் உழுது தள்ளியதாகப் பார்ணம் எழுதுகிறார். நெல்லும் விளையவில்லை, சோளமும் விளையவில்லை. விளைந்தது விளம்பரம். ஒரு சதம் கொடுக்காமல் கிடைத்த விளம்பரம்.

ரயிலில் வந்த பசை வாளி

1871 இல் பார்ணத்தின் பெயரில் பெரிய சர்க்கஸ் தொடங்கியது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் வில்லியம் கமரன் கூப். 1872 இல் சர்க்கஸ் முழுவதையும் ரயிலில் ஏற்றினார்கள். அதோடு விளம்பர வேலையும் ரயிலில் ஏறியது.

சர்க்கஸ் வருவதற்கு மூன்று நாலு கிழமைக்கு முன்னமே விளம்பர ரயில்பெட்டி ஒன்று ஊருக்கு வந்துவிடும். பெட்டி முழுவதும் பளிச்சென்ற வர்ணம். உள்ளே படுக்கை, போஸ்ரர் அடுக்கும் தட்டுகள், கோதுமை மாவில் பசை காய்ச்சுவதற்குக் கொதிகலன். இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள். விடியற்காலையில் வாடகைக் குதிரை வண்டிகள் காத்து நிற்கும். ஆளுக்கொரு திசை. ஒருவர் நாட்டுப்புறப் பாதைகளில் களஞ்சியங்களுக்கும் மதில்களுக்கும் ஒட்டுவார். இன்னொருவர் கடை ஜன்னல்களுக்குச் சிறிய படங்கள் கொடுப்பார். மூன்றாமவர் உயரமான கட்டடங்களில் ஏறித் துணிப் பதாகை அடிப்பார். இரவானதும் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். சில நாள் கழித்து இரண்டாவது பெட்டி, பிறகு மூன்றாவது. விடுபட்ட இடத்தில் ஒட்ட, மழையில் கழன்றதைத் திருத்த, மற்றக் கம்பனிக்காரன் மேலே ஒட்டியிருந்தால் அதற்கு மேல் ஒட்ட.

ஒரு தாள் என்றால் 28 அங்குலம் அகலம், 42 அங்குலம் உயரம். தாளோடு தாள் சேர்த்து ஒட்டி ஒரு களஞ்சியச் சுவர் முழுவதையும் புலியும் யானையும் குதிரைக்காரியுமாக நிரப்புவார்கள். சின்சினாற்றி நகரில் ஸ்ரோபிறிட்ஜ் என்ற அச்சகம் இதற்குப் பேர் போனது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லில் படம் எழுதி அச்சடிப்பார்கள். ஊரின் பெயரும் திகதியும் தனித் துண்டில் அச்சாகி அடியில் ஒட்டப்படும். படம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அடித்துண்டு மட்டும் 'இது உங்கட ஊருக்குத்தான்' என்று சொல்லும்.

இதை இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது. அந்த நாளில் பத்திரிகையில் வர்ணப் படம் இல்லை. சினிமா இல்லை. சோளக் கொல்லைக்கு நடுவில் வளர்ந்த ஒரு பிள்ளை, பக்கத்து வீட்டுக் களஞ்சியத்தில் முப்பதடி நீளத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு புலியைக் கண்டால் இரவில் நித்திரை கொள்ளுமா? ஒரு மாதம் அந்தப் பிள்ளை தாய் தகப்பனைக் கரைத்துவிடும். பெரியவர்களுக்கு 50 சதம், சிறுவர்களுக்கு 25 சதம் என்பது பல கம்பனிகளின் கட்டணம். குடும்பமாகப் போனால் ஒரு கூலியாளின் ஒரு நாள் உழைப்புக்கு மேல் போய்விடும். அதைச் சேர்க்கத்தான் அந்த ஒரு மாதம்.

அந்தப் போஸ்ரர்கள் எவ்வளவு பலமாக ஒட்டப்பட்டன என்பதற்கு ஒரு சான்று. 1991 இல் வேர்மொன்ட் மாநிலத்தில் கொல்செஸ்ரர் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டைத் திருத்தியபோது, சுவர்ப் பலகைக்கு அடியில் 1883 ஆம் ஆண்டுச் சர்க்கஸ் போஸ்ரர்கள் வெளிப்பட்டன. நூறு வருடத்துக்கு மேல் சுவருக்குள் இருந்தவை. இப்போது அவற்றை ஒரு நூதனசாலை பாதுகாக்கிறது.

சும்மா தந்த ரிக்கற்

சுவர் தந்த கமக்காரனுக்குக் காசு கொடுப்பதில்லை, இலவச ரிக்கற் கொடுப்பார்கள். கடை ஜன்னல் தந்தவருக்கும் அதுதான். ஆனால் அந்த ரிக்கற்றுக்குள் ஒரு கொக்கி இருந்தது. சர்க்கஸ் வரும் நாள் வரைக்கும் படம் கிழியாமல், மேலே வேறு எதுவும் ஒட்டாமல் இருக்க வேண்டும். பின்னால் ஒருவர் வண்டியில் வந்து ஒவ்வொரு சுவராகச் சரி பார்ப்பார். படம் இல்லையென்றால் ரிக்கற் செல்லாது. இப்படிச் செய்ததால் ஊரில் இருக்கும் ஒவ்வொரு சுவர்க்காரரும் கம்பனிக்குச் சம்பளமில்லாக் காவல்காரர் ஆனார். எங்கட தேத்தண்ணிக் கடைக்காரர் ஏன் கம்போடு நின்றார் என்று இப்போது விளங்குகிறதல்லவா!

பத்திரிகை ஆசிரியருக்கு விளம்பரக் காசும் கிடைக்கும், ஒரு கட்டு ரிக்கற்றும் கிடைக்கும். அதோடு கம்பனியின் எழுத்தாளர் முன்கூட்டியே எழுதி வைத்த புகழ்ச்சிச் செய்திகளும் வரும். சின்னப் பத்திரிகைக்கு நிரப்ப வேண்டிய பக்கம் நிரம்பிவிடும். பார்ணம் பெய்லி கம்பனிக்கு ரோடி ஹமில்ரன் என்பவர் நெடுங்காலம் இந்த வேலை பார்த்தார். ஒரே எழுத்தில் தொடங்கும் பெரிய பெரிய சொற்களை அடுக்கி எழுதுவதில் அவர் மன்னன். எங்கட மேடைப் பேச்சாளர்கள் தோற்றுப் போவார்கள்.

அடுத்தது தேவாலயக்காரர். சர்க்கஸ் பாவம் என்று போதகர்கள் பிரசங்கம் செய்த காலம் அது. கம்பனிகள் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. 'இது களியாட்டமில்லை, மிருகங்களைப் பற்றிய கல்வி' என்று அச்சடித்தார்கள். நீர்யானையை, பைபிளில் சொல்லப்பட்ட பெகிமோத் இதுதான் என்று விளம்பரப்படுத்தினார்கள். சர்க்கஸ் பார்க்க வெட்கப்பட்ட பக்தர்களும் பைபிள் மிருகத்தைப் பார்க்கப் பிள்ளைகளோடு வந்தார்கள்.

சிறுவர்களை மறக்கக்கூடாது. கூடாரம் அடிக்கும் நாளில் யானைகளுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தால் ஒரு ரிக்கற். யானை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, பாருங்கோ.

ஒருவருக்கொருவர் சேறு

ஒரு கோடையில் ஒரு குடும்பம் ஒரு சர்க்கஸ்தான் பார்க்கும். இரண்டாவதுக்குக் காசு இராது. ஆகவே இரண்டு கம்பனிகள் ஒரே பகுதிக்கு வந்தால் போர்தான். பிந்தி வருகிறவர் 'பொறுங்கள்! பெரிய சர்க்கஸ் பிறகு வருகிறது' என்று ஒட்டுவார். முந்தி வருகிறவர் மற்றவரைக் கள்ளன், பொய்யன் என்று அச்சடித்துப் பரப்புவார். இப்படித் திட்டும் நோட்டீசுக்கு 'எலித்தாள்' என்று தொழிலில் ஒரு பெயரே இருந்தது. எதிரியின் போஸ்ரரை மூடுவதற்கென்றே தனிப் படை வைத்திருந்தார்கள்.

1880 இல் கூப்பர் பெய்லி கம்பனியின் யானை ஒன்று பிலடெல்பியாவில் குட்டி போட்டது. பார்ணம் அந்தக் குட்டிக்கு ஒரு இலட்சம் டொலர் தருவதாகத் தந்தி அடித்தார். பெய்லி விற்கவில்லை. அந்தத் தந்தியைப் பெரிதாக அச்சடித்து, 'எங்கட குட்டியைப் பற்றிப் பார்ணம் நினைப்பது இதுதான்' என்று ஊரெல்லாம் ஒட்டினார். தன்னை வென்றவனோடு கூட்டுச் சேருவதே புத்தி என்று பார்ணம் அடுத்த வருடமே பெய்லியைப் பங்காளி ஆக்கிக்கொண்டார்.

1884 இல் பார்ணம் பர்மாவிலிருந்து வெள்ளை யானை ஒன்றைக் கொண்டு வந்தார். வந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் அங்கங்கே இளஞ்சிவப்புப் புள்ளி. எங்கட ஆட்களுக்குத் தெரியும், வெள்ளை யானை என்பது அப்படித்தான் இருக்கும். ஆனால் போஸ்ரரைப் பார்த்து வந்த சனம் பால் போன்ற யானையை எதிர்பார்த்தது. போட்டிக்காரரான அடம் போர்போ அதே வருடம் நல்ல வெள்ளை யானை ஒன்றைக் காட்டினார். 'ஆசியாவின் ஒளி' என்று புத்தர் பெருமானின் பெயரையே அதற்குச் சூட்டினார். அது சாதாரண யானைக்கு வெள்ளை பூசியது என்று பிறகு வெளிவந்தது. உண்மை யானை நம்பப்படவில்லை, பூச்சு யானைக்குக் கூட்டம் சேர்ந்தது. விளம்பரம் நிறையப் பேசிவிட்டால் உண்மைக்கு வந்து நிற்க இடமிராது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

பெருநாள்

இவ்வளவும் நடந்த பிறகு விடியும் அந்த ஒரு நாள். பல ஊர்களில் பள்ளிக்கூடம் மூடிவிடுவார்கள், கடையும் பூட்டு. சுற்றுவட்டாரத்துச் சனம் குறைந்த கட்டணத்தில் ரயிலில் வரும். அந்த ஏற்பாட்டையும் ரயில் கம்பனிகளோடு பேசி ஒழுங்கு செய்தவர்களில் கூப் ஒருவர்.

காலை பத்துப் பதினொரு மணிக்கு ஊர்வலம் புறப்படும். முன்னுக்குக் குதிரையில் ஒருவர், "குதிரைகளைப் பிடியுங்கோ, யானை வருகுது!" என்று கத்திக்கொண்டு போவார். வெறும் வேடிக்கைக்கு அல்ல. யானை வாசம் பட்டால் ஊர்க் குதிரைகள் வெருண்டு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். பின்னால் பொன் முலாம் பூசிய வாத்திய வண்டி. 1903 இல் பார்ணம் பெய்லி கம்பனியின் 'இரு அரைக்கோளம்' என்ற வண்டியை 40 குதிரைகள் இழுத்தன. அத்தனை கடிவாளத்தையும் ஒரே மனிதர் கையில் பிடித்திருந்தார். கூண்டு வண்டிகள், ஒட்டகம், வால் பிடித்து நடக்கும் யானைகள் எல்லாம் போன பிறகு, கடைசியில் வருவது கலையோப்பி. 1855 இல் ஸ்ரொடார்ட் என்பவர் உரிமை பெற்ற நீராவி வாத்தியம் அது. பல மைலுக்குக் கேட்கும். அதைக் கடைசியில் வைத்ததில்தான் கெட்டித்தனம். அதன் பின்னால் சனம் இழுபட்டு நடக்கும். ஊர்வலம் எங்கே போய் முடியும்? கூடார வாசலில், ரிக்கற் விற்கும் வண்டிக்கு முன்னால்.

கார்களும் தெரு நெரிசலும் கூட இந்த ஊர்வலம் மெல்ல ஒழிந்தது. ரிங்லிங் சகோதரர் 1907 இல் பார்ணம் பெய்லி கம்பனியை வாங்கி, 1919 இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1920க்குப் பிறகு அந்தப் பெரிய கம்பனி வீதி ஊர்வலத்தைக் கைவிட்டது. 1956 இல் கூடாரத்தையும் கைவிட்டது. 2016 இல் யானைகளை ஓய்வுக்கு அனுப்பி, 2017 இல் அடியோடு மூடியது. 2023 இல் திரும்பத் தொடங்கியபோது மிருகம் ஒன்றும் இல்லை.

ஜம்போவும் தம்போவும்

இனிப் பேரனின் கேள்விக்கு வருவோம். சென் தோமஸ் யானைக்கு ஜம்போ என்று பெயர். ஆபிரிக்க யானை. லண்டன் மிருகக்காட்சிச்சாலையிலிருந்து 1882 இல் பார்ணம் 10,000 டொலருக்கு வாங்கினார். இங்கிலாந்துப் பிள்ளைகள் அழுது கடிதம் எழுதினார்கள். யானையும் போகமாட்டேன் என்று வீதியில் படுத்துவிட்டது. என்ன செய்வது என்று ஆட்கள் தந்தி அடித்துக் கேட்க, 'கிடக்கட்டும், இதைவிட நல்ல விளம்பரம் உலகத்தில் இல்லை' என்ற கருத்தில் பார்ணம் பதில் அனுப்பினார்.

1885 செப்டம்பர் 15 ஆம் திகதி, இரவுக் காட்சி முடிந்து பெட்டிக்குக் கொண்டு போகும்போது சென் தோமஸில் சரக்கு ரயில் ஒன்று ஜம்போவை மோதிக் கொன்றது. கூட வந்த குட்டி யானையைக் காப்பாற்றத் தன்னுயிரைக் கொடுத்தது என்ற கதையைப் பார்ணம் பரப்பினார். தோலைப் பாடம் பண்ணி ஒரு காட்சி, எலும்புக்கூட்டை நிறுத்தி இன்னொரு காட்சி. ஒரு யானை செத்து இரண்டானது. போதாததற்கு லண்டனிலிருந்து அலிஸ் என்ற பெண் யானையை வாங்கி 'ஜம்போவின் விதவை' என்று கூட நிறுத்தினார். இதுதான் செத்த பிறகும் உழைத்த கதை. பெரியது எதற்கும் 'ஜம்போ' என்று பெயர் வந்ததும் இந்த யானையால்தான். எங்களில் பலர் ஏறி வந்த ஜம்போ ஜெற் விமானத்துக்கும் அதே பெயர்தான். சென் தோமஸ் ஊரார் 1985 இல், நூறு வருட நினைவாக, அந்தச் சிலையை வைத்தார்கள்.

யானையோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பேன். ஆனால் மனிதரும் அந்தப் போஸ்ரர்களில் இருந்தார்கள். உலகத்தின் 'காட்டுமிராண்டிச் சாதிகளை' எல்லாம் ஒரே கூடாரத்தில் காட்ட வேண்டும் என்று 1882 இல் பார்ணம் பல நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். 1883 இல் அவுஸ்திரேலியாவின் வடகிழக்குத் தீவுகளிலிருந்து ஒன்பது பழங்குடி மக்களை ஒரு முகவர் அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார். பார்ணத்தின் சர்க்கஸில் காட்டினார்கள். நோட்டீசில் அவர்களுக்குப் பெயர் 'நரமாமிசம் தின்போர்'. அவர்களில் தம்போ என்று அழைக்கப்பட்டவர் 1884 இல் கிளீவ்லாந்து நகரத்தில் செத்துப் போனார். பாடம் பண்ணிய அவருடைய உடலையும் காட்சிக்கு வைத்தார்கள். 1993 இல்தான் அந்த உடல் கிளீவ்லாந்தில் ஒரு மரணச்சடங்கு நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1994 இல் அவருடைய மக்கள் வந்து பாம் தீவுக்குக் கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். நூற்றுப் பத்து வருடம் ஒரு மனிதன் ஊர் திரும்பக் காத்திருந்தான்.

ஊர் சனங்கள் கெட்டவர்கள் இல்லை. சுவர் கொடுத்த கமக்காரனும் தண்ணீர் சுமந்த பிள்ளையும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் படத்துக்கு அடியில் எழுதியிருந்ததை அவர்கள் நம்பினார்கள். படத்தில் நின்றவரிடம் போய், "நீ யார், எந்த ஊர்?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

எங்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1986 ஆகஸ்ட் மாதம் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் எங்கட ஆட்கள் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தபோது, அந்தப் படம் இந்த நாட்டுப் பத்திரிகைகளின் முன்பக்கத்தில் வந்தது. 2010 இல் 'சன் சீ' கப்பலில் 492 பேர் வந்தபோதும் அப்படித்தான். படத்தில் நின்றவர்கள் நாங்கள். அடியில் எழுதியவர்கள் வேறு ஆட்கள். சிலர் இரக்கமாக எழுதினார்கள், சிலர் பயங்கரமாக எழுதினார்கள். இரண்டையும் நாங்கள் எழுதவில்லை. உதவி செய்த மீனவர் மட்டும் எதையும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கை கொடுக்கவில்லை. அதை நாங்கள் மறக்கக்கூடாது.

பேரனுக்கு இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மப்பா, அனுராதபுரத்து யானைகளுக்கு எங்க சிலை?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சங்கத்தின் புத்தாண்டு விழா நோட்டீசையும் நாங்கள் கடை ஜன்னல்களில்தான் ஒட்டுகிறோம். கடைக்காரருக்கு இரண்டு ரிக்கற்றும் கொடுக்கிறோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நோட்டீசில் சிங்கம் கர்ச்சித்தால் மேடையிலும் கர்ச்சிக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு அன்போடு சொல்லி வைக்கிறேன். உங்கள் ஊரில் சர்க்கஸ் வந்த கதை, படகில் வந்த கதை, எதுவாயினும் உங்கள் கையாலேயே எழுதி அடுத்த மலருக்குத் தாருங்கள். படத்துக்கு அடியில் எழுதும் வேலையை இனிமேலும் மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டாம்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.